ஒரு லட்ச ரூபாய் சவால்: பேய் வீடுகளைத் தேடிப்போன ஆசிரியர் கோவூர்

கேரளாவின் திருவல்லாவிலிருந்து கல்கத்தாவுக்குப் படிக்கப் போயிருந்தார்கள் இரண்டு சகோதரர்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் அவர்களிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள்: கங்கைத் தண்ணீர். நோய் தீர, பாவம் போக, வீட்டில் வைத்துக் கும்பிட, ஒரு சொட்டாவது வேண்டும் என்பார்கள்.

கல்கத்தாவில் அந்த ஆற்றின் அழுக்கை நாள்தோறும் பார்த்தவர்களுக்கு அதைக் கொண்டுவந்து கொடுக்க மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. ஒருமுறை ஊருக்கு வரும் வழியில், ரயில் நிலையக் குழாய் ஒன்றில் போத்தலை நிரப்பிக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே கொடுத்தார்கள்.

சில நாள் கழித்துச் செய்திகள் வரத் தொடங்கின. ஒருவருக்கு நீண்டநாள் நோய் தீர்ந்துவிட்டதாம். இன்னொருவருக்கு வலி போய்விட்டதாம். எல்லாம் அந்தத் தண்ணீரின் மகிமையாம்.

அந்தச் சகோதரர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் இலங்கையிலும் இந்தியாவிலும் டாக்டர் கோவூர் என்று பேர்பெற்ற ஆபிரகாம் தோமா கோவூர். குழாய்த் தண்ணீர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அந்த மக்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே உடம்பு தேறியிருந்தது. ஆனால் தேறியதற்குக் காரணம் என்று அவர்கள் நினைத்தது காரணமே இல்லை. பல நோய்கள் தாமாகவே குறைகின்றன. நம்பிக்கை மனதுக்குத் தெம்பு தருகிறது. குணமாகாதவர்கள் வந்து சொல்வதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் குழாய்த் தண்ணீரும் கங்கையாகிவிடும்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

கோவூர் பிறந்தது 1898 ஏப்ரல் 10-ஆம் தேதி. தந்தை மார்த்தோமா சிரியன் சபையில் உயர் பொறுப்பில் இருந்த மதகுரு. ஜெபமும் வேதப் புத்தகமும் நிறைந்த வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளை கல்கத்தா வங்கவாசி கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் படித்தார். உடன் படித்த தம்பி பெஹனான் பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், யோகத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்து புத்தகம் எழுதினார். எதையும் சோதித்துப் பார்க்கும் குணம் அண்ணன் தம்பி இருவருக்கும் இருந்தது.

படிப்பு முடிந்து கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் கொஞ்ச காலம் பணியாற்றினார் கோவூர். 1928-இல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதன் பிறகு இலங்கையே அவருக்குச் சொந்த நாடானது.

யாழ்ப்பாணத்தில் 15 ஆண்டுகள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பிறகு காலி ரிச்மண்ட் கல்லூரி, கல்கிசை புனித தோமையார் கல்லூரி, கடைசியில் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரி. இவற்றில் முதல் மூன்றும் கிறிஸ்துவ மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகள். கடவுள் நம்பிக்கை இல்லாத ஆசிரியர் இத்தனை காலம் அங்கே தாக்குப் பிடித்தார் என்றால் அவர் பாடம் நடத்திய விதம்தான் காரணம்.

யாழ்ப்பாண நாள்களைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஒரு வருடம் வேதாகம வகுப்பையும் அவரிடமே கொடுத்தார் கல்லூரி முதல்வர். தேர்வில் பிள்ளைகள் எல்லோரும் நன்றாகத் தேறினார்கள். ஆனாலும் அடுத்த வருடம் அந்த வகுப்பு வேறொருவருக்குப் போனது. காரணம் கேட்டபோது, பிள்ளைகள் பாடத்தில் தேறியதும் உண்மை, நம்பிக்கையை இழந்ததும் உண்மை என்று முதல்வர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

ஓய்வுக்குப் பின் தொடங்கிய வேலை

1959-இல் தர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். வயது 61. பெரும்பாலோர் சாய்வு நாற்காலியைத் தேடும் வயதில் கோவூரின் பொதுவாழ்க்கை தொடங்கியது. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சங்கத்தின் ஆண்டு இதழையும் அவரே பார்த்துக்கொண்டார்.

பேய் நடமாடுகிறது என்று சொல்லப்பட்ட வீடுகளில் போய்ப் படுத்து உறங்கினார். சுடுகாட்டில் தனியாக இரவைக் கழித்தார். முக்கியமான காரியங்களை ராகு காலம், கெட்ட நேரம் என்று மற்றவர்கள் ஒதுக்கும் வேளை பார்த்தே தொடங்கினார். ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தன் வாழ்க்கையைக் கொண்டே காட்ட நினைத்தார்.

அவரை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது பேய் பிடித்த வீடுகள்தான். கூரை மேல் கல் விழுகிறது, உடுப்பு தானாகத் தீப்பிடிக்கிறது, சோற்றில் மண் விழுகிறது, பெண் பிள்ளை வேறு குரலில் பேசுகிறாள் என்று இலங்கையின் பல பகுதிகளிலிருந்தும் அவரைத் தேடி ஆள் வரும். பெரும்பாலும் அதற்கு முன்பே மந்திரவாதிகள் வந்து போயிருப்பார்கள். பரிகாரம், தகடு, தாயத்து, பலி என்று குடும்பத்தின் சேமிப்பு கரைந்திருக்கும். நகை அடகுக்குப் போயிருக்கும். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பெண் வேப்பிலை அடியும் பிரம்படியும் மிளகாய்ப் புகையும் தாங்கிக் களைத்திருப்பாள்.

கோவூர் போனதும் முதலில் கேட்பது சாதாரணக் கேள்விகள். கல் எப்போது விழுகிறது? அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள்? யார் இல்லாத நாளில் விழவில்லை? கல் விழுவதைக் கண்ணால் பார்த்தவர் யார், விழுந்து கிடந்ததைப் பார்த்தவர் யார்? பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவார்.

பல வீடுகளில் பதில் ஒரே இடத்தில் வந்து நின்றது. வீட்டில் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தில் இருந்தார். விருப்பமில்லாத கல்யாணம், மாமியார் கொடுமை, படிப்பை நிறுத்திய ஏக்கம், யாருடைய கவனமும் கிடைக்காத பிள்ளை, வேலைக்கு வைத்த இடத்தில் அடி வாங்கும் சிறுமி. கல்லை எறிந்ததும் துணிக்குத் தீ வைத்ததும் அந்தக் கைதான். சிலர் தெரிந்தே செய்தார்கள். சிலர் மனநோயின் வேகத்தில் தாங்கள் செய்வதை அறியாமலே செய்தார்கள்.

கண்டுபிடித்த பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். மனோவசிய முறையில் மனதை அமைதிப்படுத்தினார். வீட்டாரிடம் பேசி, துயரத்தின் காரணத்தை நீக்கச் சொன்னார். பேய் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அடி கிடைக்கும். துயரம் என்று சொன்னால் மருந்து கிடைக்கும். கோவூரின் வேலையின் முழு மதிப்பும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இந்த அனுபவங்களைப் பத்திரிகைகளில் எழுதினார். அவை தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் வந்தன. அவருடைய குறிப்பேட்டில் இருந்த ஒரு சம்பவம் 1972-இல் புனர்ஜன்மம் என்ற மலையாளப் படமானது. அடுத்த வருடம் அதே கதை முத்துராமன், மஞ்சுளா நடிப்பில் மறுபிறவி என்று தமிழிலும் வந்தது.

ஒரு லட்ச ரூபாய் சவால்

1963-இல் கோவூர் வெளியிட்ட அறிவிப்பு அவர் பேரை நாடு கடந்தும் கொண்டுபோனது. ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக அறிவித்தார். ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை இல்லை. தோற்றால் அவர் கதி என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சவாலில் அவர் போட்ட பட்டியலைக் கூர்ந்து பார்த்தால், ஒரு கூற்றைச் சோதிப்பது எப்படி என்பதற்கு அதுவே பாடப் புத்தகம்.

முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பண நோட்டின் எண்ணைச் சொல்ல வேண்டும். எரியும் தணலில் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். காலில் கொப்பளம் வரக்கூடாது. கேட்கும் பொருளை வெறுங்கையில் வரவழைக்க வேண்டும். தண்ணீரை பெட்ரோலாக மாற்ற வேண்டும். தண்ணீர் மேல் நடக்க வேண்டும். வெட்டுப்பட்ட கை காலை ஜெபத்தால் ஓர் அங்குலமாவது வளரச் செய்ய வேண்டும். இப்படி இருபதுக்கும் மேற்பட்டவை.

இவற்றில் எதிலும் மழுப்ப இடமில்லை. மனம் அமைதியாகும், கெட்ட காலம் விலகும், நல்லது நடக்கும் என்பவற்றைச் சரியென்றும் சொல்லலாம், தவறென்றும் சொல்லலாம். நோட்டின் எண் அப்படி இல்லை. ஒன்று சரி, இல்லாவிட்டால் தவறு.

தணல் பற்றிய நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் கதிர்காமத் திருவிழாவில் தீமிதிப்பு பெயர்பெற்றது. தீயில் நடப்பது பொய் என்று கோவூர் சொல்லவில்லை. நடக்க முடியும், யாரும் நடக்கலாம் என்றுதான் சொன்னார். கரித்தணலும் அதன் மேல் படியும் சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். நடப்பவரின் பாதம் ஓர் இடத்தில் ஒரு வினாடிகூடத் தங்குவதில்லை. சூடான அடுப்புக்குள் கையை நீட்டினால் உடனே சுடுவதில்லை; அதே அடுப்பில் இருக்கும் இரும்புத் தட்டைத் தொட்டால் தொட்ட கணமே சுட்டுவிடுகிறது. சூடு ஒன்றுதான், அது கைக்கு வந்து சேரும் வேகம்தான் வேறு. அதனால்தான் நடக்கச் சொல்லாமல், அரை நிமிடம் நிற்கச் சொன்னார். தெய்வசக்தி காக்கிறது என்றால் அது நின்றாலும் காக்க வேண்டும் அல்லவா?

சோதிடருக்கும் கைரேகைக்காரருக்கும் அவர் வைத்தது இன்னும் எளிய தேர்வு. பத்துக் கைரேகைகள், அல்லது பிறந்த நேரமும் இடமும் துல்லியமாகக் குறித்த பத்து ஜாதகங்கள் தருவார். எது ஆணுடையது, எது பெண்ணுடையது, யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதும். நூற்றுக்கு ஐந்து தவறு வந்தாலும் மன்னிப்பு உண்டு.

எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளை, எந்த வயதில் கண்டம் என்று சொல்பவருக்கு இது கடினமாக இருக்கக்கூடாது. ஆனால் வெறும் ஊகத்தில் இதைக் கடப்பது நடக்காத காரியம். பத்துப் பேரும் ஆணா பெண்ணா என்று குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 1024-இல் ஒரு வாய்ப்புதான். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதையும் சேர்த்தால் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குப் போய்விடும். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் முகம், உடை, கவலை எல்லாம் துப்பு கொடுக்கும். ஆளை நீக்கிவிட்டு ரேகையை மட்டும் வைத்தால் ரேகைக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது வெளிப்பட்டுவிடும்.

விளம்பரத்துக்காக வருபவர்களைத் தவிர்க்க ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்ற விதியையும் பிறகு சேர்த்தார். கோவூர் உயிரோடு இருந்தவரை அந்த ஒரு லட்சத்தை யாரும் வெல்லவில்லை.

மேடையில் அற்புதம்

1970-களின் நடுவில் இந்தியாவிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வெறும் பேச்சோடு நிற்காமல், அற்புதம் என்று சொல்லப்படுவதைத் தாமே செய்துகாட்டி, பிறகு அதன் சூட்சுமத்தை விளக்கினார்.

பகுத்தறிவாளர்கள் இத்தகைய மேடைகளில் காட்டும் வித்தைகள் பல, வீட்டுச் சமையலறையிலேயே இருப்பவை. செம்பருத்திப் பூவைத் தேய்த்த கத்தியால் எலுமிச்சம்பழத்தை வெட்டினால் சாறு ரத்தம்போல் வரும்; பூவின் சாயம் புளிப்பு பட்டதும் சிவக்கிறது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் ரத்தச் சிவப்பு. ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் இது தெரியும். ஆனால் அதே சிவப்பை ஒரு மந்திரவாதி பூசணிக்காய்க்குள்ளிருந்து காட்டி, இதுதான் செய்வினையின் ரத்தம் என்றால், தெரிந்தவர்களும் மிரண்டுபோகிறார்கள். கஞ்சியில் பிசைந்து உலர்த்திய சாம்பல் உருண்டையை விரல் இடுக்கில் மறைத்து நசுக்கினால் வெறுங்கையில் விபூதி கொட்டும்.

இதில் பார்ப்பவர் முட்டாள் என்பது இல்லை. பயத்தில் இருக்கும்போது கேள்வி கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது எந்தத் தாயும் எலுமிச்சம்பழத்தின் வேதியியலை யோசிப்பதில்லை. மந்திரவாதி அதை நன்றாக அறிவான். அதனால்தான் கேள்வி கேட்கும் பழக்கம் பயம் வருவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்பதில் ஆசிரியரான கோவூர் உறுதியாக இருந்தார்.

1976-இல் அவருடைய கட்டுரைகள் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்தன. இன்னொரு தொகுப்பு அவர் மறைந்த பிறகு வந்தது.

விட்டுக்கொடுக்காத மனிதர்

கோவூரை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏமாற்றுக்காரரை மட்டும் அல்ல, பக்தியையே அவர் கேள்வி கேட்டார். எல்லா மதங்களையும் ஒரே தராசில் வைத்தார். மனம் நிறைந்து கும்பிடுகிறவர்களுக்கும் காசு பறிக்கிறவர்களுக்கும் இடையே அவர் போதிய வேறுபாடு பார்க்கவில்லை என்று பலர் வருந்தினார்கள். அவருடைய பேச்சில் கேலி அதிகம் என்ற குறையும் உண்டு. அவர் கையாண்ட மனோவசிய முறையும் எல்லா மனநோய்க்கும் மருந்தாகாது. இன்று அத்தகையவர்களுக்கு மனநல மருத்துவரே சரியான வழி.

ஆனால் ஒன்றை அவருடைய எதிராளிகளும் மறுக்க முடியாது. தாம் சொன்னதைத் தமக்கும் பொருத்திக்கொண்டார். மற்றவரிடம் ஆதாரம் கேட்டவர், ஆதாரம் காட்டினால் தம் பணத்தை இழக்கத் தயாராக இருந்தார். தான் தவறு என்று நிரூபிக்க வழி திறந்துவைத்த பிறகே பேசினார். அற்புதம் செய்வதாகச் சொல்பவர்களிடம் அவர் எதிர்பார்த்ததும் அதுவே.

1978 செப்டம்பர் 18-ஆம் தேதி கொழும்பில் காலமானார். வயது 80. தம் முடிவையும் அவர் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். சடங்கு எதுவும் வேண்டாம். கண்கள் கண் வங்கிக்கு. உடல் மருத்துவ மாணவர்களின் படிப்புக்கு. எலும்புக்கூடு தாம் கடைசியாகப் பாடம் நடத்திய தர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் கூடத்துக்கு.

சவால் அவரோடு முடியவில்லை. கோயம்புத்தூரில் வாழ்ந்த பிரேமானந்த் அதை எடுத்துக்கொண்டார். அவரும் ஒரு லட்ச ரூபாய் பரிசை அறிவித்து, 2009-இல் மறையும்வரை இந்திய ஊர்களில் அற்புத வித்தைகளைச் செய்துகாட்டி விளக்கிவந்தார். பஞ்சாபில் கோவூரின் நூல்களை மொழிபெயர்த்துப் படித்தவர்கள் 1984-இல் தர்க்கசீல் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இன்று குழாய்த் தண்ணீர் போத்தலில் வருவதில்லை. கைப்பேசியில் வருகிறது. மூன்று நாளில் நீரிழிவைத் தீர்க்கும் கஷாயம், இதய அடைப்பைக் கரைக்கும் காந்த வளையல், வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் கல், ஜாதகம் பார்த்துச் சொல்லும் முதலீடு. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், சொந்தக்காரர்கள். ஊரார் குழாய்த் தண்ணீரின் மகிமையைச் சொன்னதுபோல் இவர்களும் நம்பித்தான் சொல்கிறார்கள்.

அவற்றுக்கும் கோவூரின் அதே கேள்விகள் போதும். சரியாக என்னதான் சொல்கிறார்கள்? அது தவறு என்றால் எப்படித் தெரிந்துகொள்வது? குணமாகாதவர்களை யாராவது எண்ணிப் பார்த்தார்களா? நம்பினால் யார் பைக்குப் பணம் போகிறது? நம்பி மருந்தை நிறுத்தினால் யார் உயிர் போகிறது?

திருவல்லாவில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் தண்ணீர். ஆனால் அதைக் குடித்துவிட்டு வைத்தியரிடம் போகாமல் இருந்திருந்தால்? கோவூர் தம் பிற்கால வாழ்க்கை முழுவதையும் செலவிட்டது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.